திருச்சியில் இருந்து சிங்கப்பூர், துபாய் எத்தனை கி.மீ.? எத்தனை மணி நேரம்? டிக்கெட்டில் இருக்கும் நேரக் கணக்கு முழு விவரம்

திருச்சி:

திருச்சி விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் சுமார் 2,980 கி.மீ. தூரம். துபாய் சுமார் 2,940 கி.மீ. இரண்டுக்கும் 40 கி.மீ.தான் வித்தியாசம். அதாவது நம்ம திருச்சி, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஏறத்தாழ நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

தூரம் ஒன்று என்றால் பயண நேரமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்படித்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் 4 மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். சிங்கப்பூர் டிக்கெட்டில் கிளம்பும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் நடுவில் 6½ மணி நேரத்துக்கு மேல் இருக்கும். துபாய் டிக்கெட்டில் 2¾ மணி நேரம்தான் இருக்கும். "துபாய் ரொம்பக் கிட்ட, சிங்கப்பூர்தான் தூரம்" என்று ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர் என்று சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர்கள் நிறைய. இந்தக் கணக்கு புரியாததால் விமானத்தைத் தவற விடுகிறவர்களும் உண்டு, ஏர்போர்ட்டில் விடிய விடியக் காத்துக் கிடக்கும் குடும்பங்களும் உண்டு. அதனால் விவரமாகப் பார்ப்போம்.

வேதாரண்யம் வழியாக சிங்கப்பூர்

முதலில் தூரம். மேலே சொன்னது நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் உள்ள தூரம். பூமி உருண்டை என்பதால் அந்த உருண்டை மேல் நூல் கட்டி அளக்க வேண்டும். அப்படி அளந்தால் சிங்கப்பூர் கோடு திருச்சியில் கிளம்பி, வேதாரண்யம் பக்கத்தில் கரையைத் தாண்டும். அப்புறம் வங்கக்கடல். கிரேட் நிக்கோபார் தீவுக்குத் தெற்கே போய், இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு வட முனையைத் தொட்டு, மேடான் நகரத்துப் பக்கமாக மலாக்கா ஜலசந்திக்கு வரும். அங்கே இருந்து சிங்கப்பூர்.

துபாய் கோடு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கர்நாடகாவைத் தாண்டி உடுப்பி பக்கம் அரபிக்கடலில் இறங்கும். கடைசியில் ஓமன் நாட்டு மஸ்கட் நகரத்தை ஒட்டிப் போய் துபாயைத் தொடும்.

விமானம் இந்தக் கோட்டிலேயே போகாது. வானத்திலும் ரோடு மாதிரி குறித்து வைத்த பாதைகள் இருக்கின்றன. கண்ட்ரோல் ரூமில் சொல்கிற பாதையில், சொல்கிற உயரத்தில்தான் விமானி போக வேண்டும். மழை மேகம் இருந்தால் சுற்றிப் போவார். அதனால் நிஜமாகப் பறக்கும் தூரம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இன்னொரு குழப்பம் மைல் கணக்கில் வருகிறது. ஒருவர் சிங்கப்பூர் 1,850 மைல் என்பார், இன்னொருவர் 1,610 மைல் என்பார். இரண்டும் சரிதான். முதலாவது ரோட்டு மைல், ஒரு மைலுக்கு 1.609 கி.மீ. இரண்டாவது கப்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள கடல் மைல், அது 1.852 கி.மீ.

தெற்கே இருக்கிறோம், ஆனாலும்...

திருச்சி தெற்கே இருப்பதால் சென்னையை விட நமக்குத்தான் சிங்கப்பூர் கிட்ட என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கிடையாது. சென்னையில் இருந்து சிங்கப்பூர் சுமார் 2,925 கி.மீ.தான். நம்மை விட 55 கி.மீ. குறைவு. மதுரையில் இருந்து 3,015 கி.மீ. கோவையில் இருந்து 3,160 கி.மீ. சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருப்பதை விடக் கிழக்கேதான் அதிகம் தள்ளி இருக்கிறது. சென்னை நம்மை விடக் கிழக்கே இருப்பதால் அதற்குக் கொஞ்சம் பக்கம்.

அதற்காக சென்னைக்குப் போய் ஏறினால் லாபமா? வானத்தில் 55 கி.மீ. என்பது 4 நிமிடம். அந்த 4 நிமிடத்துக்காக பஸ்சில் 6, 7 மணி நேரம் போக வேண்டும். அப்புறம் சென்னை ஏர்போர்ட்டில் 3 மணி நேரம். டிக்கெட் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது என்று பட்டுக்கோட்டைக்காரர் சென்னை போனால், பஸ் செலவு, சாப்பாடு, வழியனுப்பக் கூட வருகிறவர் திரும்பிப் போகிற செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. தூக்கமும் போச்சு. திருச்சியில் கிடைக்காத டிக்கெட் என்றால் மட்டும் சென்னை போகலாம்.

4 மணி நேரம் எப்படி வருகிறது?

திருச்சியில் இருந்து போகும் போயிங் 737, ஏர்பஸ் 320 ரக விமானங்கள் உயரே போன பிறகு மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 35 நிமிடம் வரும். ஆனால் கிளம்பியதுமே அந்த வேகம் வந்துவிடாது. ரன்வேக்கு மெதுவாக நகர்ந்து போக வேண்டும், ஏற வேண்டும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், சாங்கி மாதிரி பெரிய ஏர்போர்ட்டில் வரிசையில் காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 4 மணியில் இருந்து 4¼ மணி. டிக்கெட்டில் போடும் பயண நேரம் என்பது, கிளம்பும் இடத்தில் விமானம் நகர ஆரம்பிப்பதில் இருந்து போய்ச் சேர்ந்து நிற்பது வரைக்கும்.

காற்றும் இதில் விளையாடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழே நமக்குத் தென்மேற்குக் காற்று அடிக்கிறது. ஆனால் 35 ஆயிரம் அடிக்கு மேலே அதே நேரத்தில் கிழக்கில் இருந்து மேற்கே பலமாகக் காற்று ஓடும். அப்போது சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று, திரும்பி வரும் விமானத்துக்குத் தள்ளி விடுகிற காற்று. துபாய் பக்கம் குளிர்காலத்தில் மேற்கில் இருந்து கிழக்கே அடிக்கும். அதனால் டிசம்பர், ஜனவரியில் துபாய் போகக் கூடுதல் நேரமும் வரக் குறைவான நேரமும் ஆகும். 10 நிமிடம், 20 நிமிடம் வித்தியாசம் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

இந்த 4 மணி நேரப் பயணத்துக்கு வேண்டிய எரிபொருளும், அவசரத்துக்குக் கூடுதலும் நிரப்பிக்கொண்டுதான் விமானம் ஏறும். 2024 அக்டோபர் 11-ந்தேதி மாலை திருச்சியில் இருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் போக முடியாமல் புதுக்கோட்டை பக்கம் வானத்தில் வட்டம் அடித்ததே, நினைவிருக்கும். ஏன் உடனே இறக்கவில்லை என்று டி.வி. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஷார்ஜா வரைக்கும் உள்ள எரிபொருள் டேங்கில் இருந்தது. அத்தனை கனத்தோடு இறக்குவது ஆபத்து. அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் வெளியே கொட்டி விடும் வசதியும் கிடையாது. சுற்றிச் சுற்றி எரித்துத்தான் கனத்தைக் குறைக்க முடியும். 2 மணி நேரத்துக்கு மேல் சுற்றி, 141 பேரும் பத்திரமாக இறங்கினார்கள்.

கப்பல் காலம்

இந்தத் தூரத்துக்கு நம் தாத்தாக்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய ஒரு வாரம். சென்னை, நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூர் போன 'ரஜூலா' கப்பலை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985-ல் தீ விபத்து. அதோடு கப்பல் பயணமும் முடிந்து போனது. அப்புறம் விமானம்தான். மலேசியாவின் ஏர் ஏசியா, இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் விமானம் விட்டது டெல்லிக்கோ மும்பைக்கோ அல்ல, திருச்சிக்கு.

கடிகாரம் செய்யும் வேலை

இனி டிக்கெட் விஷயம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

சிங்கப்பூர், மலேசியா நேரம் நம்மை விட 2½ மணி நேரம் முன்னால். இங்கே காலை 6 மணி என்றால் அங்கே 8.30. துபாய், ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட் எல்லாம் நம்மை விட 1½ மணி நேரம் பின்னால். இங்கே காலை 6 என்றால் அங்கே விடியற்காலை 4.30. சவுதி, குவைத், கத்தார், பக்ரைன் 2½ மணி நேரம் பின்னால். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்.

சிங்கப்பூரில் பழைய ஆட்களைக் கேட்டால் "எங்க காலத்துல 2 மணி நேரம்தான் வித்தியாசம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. 1982 ஜனவரி 1-ந்தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தன. அதனால்தான் அங்கே காலை 6.30 மணிக்குக் கூட இருட்டாக இருக்கிறது. சூரியன் வருவதற்கே 7 மணி ஆகும். புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாள் இதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. திருச்சியில் இரவு 10 மணிக்குக் கிளம்புகிறது. பயணம் 4 மணி 10 நிமிடம். நம் கடிகாரப்படி நள்ளிரவு 2.10. அதோடு 2½ மணி நேரம் கூட்டினால் சிங்கப்பூர் கடிகாரத்தில் விடியற்காலை 4.40. டிக்கெட்டில் இதுதான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு 6 மணி 40 நிமிடப் பயணம் மாதிரி தெரியும்.

திரும்பும்போது தலைகீழ். சிங்கப்பூரில் காலை 8 மணிக்குக் கிளம்பினால், அங்குள்ள கடிகாரப்படி 12.10-க்கு இறங்கும். 2½ மணி நேரம் கழித்தால் திருச்சியில் காலை 9.40. டிக்கெட்டில் 1 மணி 40 நிமிடம்தான் வித்தியாசம் காட்டும். ஒரு பிளேட் சாப்பாடு சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும் போல இருக்கும். வராது. உள்ளே அதே 4 மணி நேரம் உட்கார வேண்டும்.

துபாய்க்கு இப்படி. திருச்சியில் காலை 10 மணிக்குக் கிளம்பி 4¼ மணி நேரம் போனால் நம் நேரம் மதியம் 2.15. அதில் 1½ கழித்தால் துபாயில் 12.45. திரும்பும்போது துபாயில் இரவு 10 மணிக்கு ஏறினால், 4 மணி நேரத்துக்குப் பின் அங்கே 2 மணி, இங்கே 3.30.

மனசில் வைத்துக்கொள்ள சுலபமான வழி: கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி. திருச்சியில் இருந்து சிங்கப்பூர் கிழக்கு, கூட்டு. சிங்கப்பூரில் இருந்து திருச்சி மேற்கு, கழி. துபாயில் இருந்து திருச்சி வருவதும் கிழக்கே வருவதுதான், எனவே கூட்டு. டிக்கெட்டில் 'டியூரேஷன்' என்று தனியாக ஒரு வரி இருந்தால் கணக்கே வேண்டாம், அதுதான் நிஜமான பயண நேரம்.

துக்க வீட்டில் கணக்கு தப்பினால்

இந்தக் கூட்டல் கழித்தல் எங்கே மிக முக்கியம் என்றால், ஊரில் ஒரு சாவு விழுந்து, மகன் சிங்கப்பூரில் இருக்கும்போதுதான். எத்தனை மணிக்கு எடுப்பது என்று பந்தலில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். மகன் போனில் "காலைல 8 மணி பிளைட்டு கெடச்சிருச்சு" என்கிறான். அங்கே இருப்பவர் ஒருவர் 8-உடன் 4 மணி நேரத்தையும் 2½ மணி நேரத்தையும் சேர்த்துக் கூட்டி "மதியம் 2.30-க்குத்தான் திருச்சியே வருவான், ஊர் வந்து சேர சாயங்காலம் ஆயிரும், அதுவரைக்கும் வைக்க முடியாது" என்று முடிவு பண்ணி விட்டால், பிள்ளை வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

நிஜத்தில் அவன் காலை 9.40-க்கே திருச்சியில் இறங்குகிறான். கைப்பையோடு மட்டும் வந்தால் பெட்டிக்காக நிற்க வேண்டாம். இமிக்ரேஷன் முடித்து 10.30-க்கு வெளியே வரலாம். அங்கே இருந்து பட்டுக்கோட்டைக்கு காரில் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1 மணிக்கு வீட்டு வாசலில் நிற்பான். 2 மணிக்கு எடுக்கலாம். விமானம் தாமதமானால் போனில் சொல்லி ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ளலாம். இந்த மாதிரி நேரத்தில் வாயால் சொல்லச் சொல்லாமல் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது நல்லது. அதில் இறங்கும் நேரம் நம் ஊர் நேரத்திலேயே இருக்கும். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

நள்ளிரவு விமானம்: தேதி ஜாக்கிரதை

பணம் போகிற இடம் இது. வெளிநாட்டு விமானங்களில் நிறைய இரவு 12 மணிக்கு மேல்தான் கிளம்பும். டிக்கெட்டில் '14-ந்தேதி 00.45' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பேச்சில் ராத்திரி என்றால் அந்த நாளோடு சேர்ந்ததுதான். அதனால் 14-ந்தேதி ராத்திரி சாப்பிட்டு விட்டுக் கிளம்பலாம் என்று நினைத்து விடுகிறோம். ஆனால் 14-ந்தேதி 00.45 என்பது 13-ந்தேதி ராத்திரி தூங்கப் போகும் நேரம். 14-ந்தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால், விமானம் முந்தின நாளே போயிருக்கும். விமானம் ஏறாதவர் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைப்பது அபூர்வம். புது டிக்கெட் அன்றைக்கு அன்றே எடுத்தால் விலை எங்கேயோ இருக்கும். வேலைக்குச் சேர வேண்டிய நாளும் தப்பும்.

எனவே 00, 01, 02 என்று ஆரம்பிக்கும் நேரம் இருந்தால், காலண்டரில் அதற்கு முந்தின நாளில் வட்டம் போட்டு 'இன்று இரவு 9 மணிக்கு ஏர்போர்ட்' என்று எழுதி வையுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக வருவது நல்லது. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது செக்-இன் கவுண்ட்டரை அடைத்து விடுவார்கள். சில கம்பெனிகள் அதற்கும் முன்பே அடைக்கும். அதற்குப் பிறகு விமானம் கண்ணுக்கு முன்னால் நின்றாலும் ஏற முடியாது.

அழைத்துப் போக வருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். துபாயில் 13-ந்தேதி இரவு 10 மணிக்கு ஏறுகிறவர் இங்கே 14-ந்தேதி 3.30-க்கு இறங்குவார். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சின்னதாகப் போட்டிருந்தால் மறுநாள் என்று அர்த்தம். 13-ந்தேதி அதிகாலையிலேயே வேன் பிடித்து வந்து நின்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். வேன்காரர் வெயிட்டிங் கேட்பார்.

2024 ஜூன் 11-ந்தேதி முதல் விமானங்கள் புது டெர்மினலில் இருந்து போகின்றன. சில வருடம் கழித்து வருகிறவர்கள் பழைய கட்டிடத்துப் பக்கம் போய்த் தேட வேண்டாம்.

மற்ற ஊர்கள்

கோலாலம்பூர் சுமார் 2,690 கி.மீ. சிங்கப்பூரை விட 290 கி.மீ. குறைவு. 20 நிமிடம் முன்னதாகப் போய்விடலாம். ஷார்ஜா துபாய்க்குப் பக்கத்து ஊர், 2,930 கி.மீ. மஸ்கட் 2,590 கி.மீ. குவைத் கொஞ்சம் தூரம், 3,790 கி.மீ.

இந்த ஊர்களில் கிட்ட இருப்பது கொழும்பு. 420 கி.மீ.தான். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சில ஏஜெண்டுகள் கொழும்பு வழியாக துபாய் டிக்கெட் போட்டுத் தருவார்கள். இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. தெற்கே 420 கி.மீ. போய், அங்கே இருந்து துபாய்க்கு 3,290 கி.மீ. திரும்பிப் பறக்க வேண்டும். மொத்தம் 3,700 கி.மீ.க்கு மேல். நேராகப் போவதை விட 770 கி.மீ. அதிகம், கொழும்பில் காத்திருக்கும் நேரம் வேறு. விலை நல்லாவே குறைவாக இருந்தால் எடுக்கலாம். ஆனால் கொழும்பில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்புக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று என்பதால், டிக்கெட்டில் அந்த ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே இருக்கும்.